ஒரே விசிறியால் தூக்கவும் தள்ளவும் முடியுமா? ஹோவர்கிராஃப்டில் காற்றைப் பங்கிடும் கணக்கு

உங்கள் கேள்வி இது: கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஓர் ஆள் உட்காரும் ஹோவர்கிராஃப்ட், அதாவது அடியில் அடைத்த காற்று மெத்தையின் மேல் மிதந்து ஓடும் வண்டி, செய்யப்போகிறீர்கள். கையில் ஒரே ஒரு இன்ஜின். ஒரே விசிறியின் காற்றைப் பிரித்து, ஒரு பங்கைக் கீழே அனுப்பி வண்டியைத் தூக்கவும், மீதியைப் பின்னால் அனுப்பித் தள்ளவும் முடியுமா? எவ்வளவு எங்கே போக வேண்டும்? ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் வண்டி தரையில் உட்கார்ந்துவிடாதா?

முடியும். சிறிய வண்டிகளில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. காற்றைப் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. ஒன்றைக் குறைக்கும்போது இன்னொன்று குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம்.

முதலில் தூக்குவிசை. வண்டியும் ஆளும் சேர்ந்து 300 கிலோ, ஸ்கர்ட்டுக்குள் (வண்டியின் அடியைச் சுற்றிக் காற்றைத் தடுத்து நிறுத்தும் துணி விளிம்பு) அடங்கும் பரப்பு 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 4.5 சதுர மீட்டர். எடையைப் பரப்பால் வகுத்தால் சுமார் 650 பாஸ்கல் வரும். நீர்மட்டக் கணக்கில் 67 மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவுதான். வாயால் ஊதியே இதைவிட அதிக அழுத்தம் கொடுக்கலாம். ஆகவே சிக்கல் அழுத்தத்தில் இல்லை, கசிவில் இருக்கிறது. 650 பாஸ்கல் அழுத்தத்தில் இருக்கும் காற்று ஸ்கர்ட்டின் அடி இடுக்கு வழியே நொடிக்கு 33 மீட்டர் வேகத்தில் வெளியே பாயும். வண்டியின் சுற்றளவு 9 மீட்டர், இடுக்கு சராசரியாக 1 சென்டிமீட்டர் என்றால், விளிம்பில் காற்று சுருங்கிப் பாய்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நொடிக்குச் சுமார் 1.8 கன மீட்டர் காற்று போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடு செய்வதுதான் தூக்கும் விசிறியின் வேலை.

இதற்கு எவ்வளவு சக்தி வேண்டும்? காற்று பாதையிலும், ஸ்கர்ட்டாக உப்பி நிற்கும் பையிலும் இழக்கும் அழுத்தத்தைச் சேர்த்து விசிறி 900 பாஸ்கல் கொடுக்க வேண்டும், விசிறியின் திறன் பாதிதான் என்று கஞ்சமாகவே வைத்தாலும், 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல். நாலரைக் குதிரைசக்தி போதும். ஓர் ஆளையும் வண்டியையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்த இவ்வளவுதான் தேவை என்பது பலருக்கு நம்பவே முடியாத விஷயம்.

ஆனால் இது வழவழப்பான சிமென்ட் தரைக்கான கணக்கு. இடுக்கு இரட்டித்தால் காற்றும் இரட்டிக்கும், சக்தியும் இரட்டிக்கும். மேடுபள்ளமான தரையிலோ சிற்றலை உள்ள தண்ணீரிலோ ஒரு பக்கம் 3 சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர் திறந்துகொள்வது சாதாரணம். எடை கூடினால் இன்னும் மோசம்: அழுத்தமும் கூடும், கசியும் வேகமும் கூடும். எடை இரட்டித்தால், அதே இடுக்குக்குச் சக்தி சுமார் 2.8 மடங்கு ஆகிவிடும். அதனால் ஸ்கர்ட் தைப்பதில் கவனம் வையுங்கள், எடையைக் குறையுங்கள். பெரிய இன்ஜின் தேடுவதைவிட இதுதான் மலிவான வழி.

உந்துவிசையின் கணக்கு வேறு. அங்கே அழுத்தம் முக்கியமில்லை. எவ்வளவு காற்றைப் பின்னால் தள்ளுகிறோம், எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறோம் என்பதே கணக்கு. உந்துவிசை காற்றின் நிறையோடும் வேகத்தோடும் நேராகக் கூடும். செலவாகும் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே லாபம். டக்ட்டுக்குள், அதாவது விசிறியைச் சுற்றியுள்ள வட்டக் கூட்டுக்குள், சுழலும் விசிறிக்கு, அதே சக்தியில் விட்டத்தை 60 சென்டிமீட்டரிலிருந்து 90 ஆக்கினால் நின்ற இடத்து உந்துவிசை சுமார் 30 சதவீதம் கூடும். இன்ஜினை மாற்றாமலே கிடைக்கும் லாபம் இது.

90 சென்டிமீட்டர் டக்ட்டில், மையக் குமிழைக் கழித்து 0.6 சதுர மீட்டர் பரப்பில், 15 கிலோவாட் சக்தி முழுவதும் காற்றில் சேர்ந்தால் காகிதக் கணக்குப்படி 88 கிலோ எடைக்குச் சமமான உந்துவிசை வரும். காற்று நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அந்த வேகத்தில் உள்ள காற்றைத் தடுத்து நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 735 பாஸ்கல். மேலே தூக்குவதற்கு நாம் கணக்கிட்ட அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சிறிய வண்டியில் ஒரே விசிறி இரண்டு வேலையும் செய்ய முடிவது இதனால்தான். இரண்டு தேவைகளும் தற்செயலாக ஒரே ஊரில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

வண்டி பெரிதாகப் பெரிதாக இந்தப் பொருத்தம் உடைந்துவிடும். நீள அகலத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்குதான், எடையோ அதைவிட வேகமாக ஏறும். ஆங்கிலக் கால்வாயில் 1968 முதல் 2000 வரை கார்களையும் பயணிகளையும் ஏற்றிச் சென்ற எஸ்.ஆர்.என்.4 என்ற பெரிய ஹோவர்கிராஃப்ட்களில் மெத்தை அழுத்தம் 2000 பாஸ்கலுக்கு மேல். அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் விசிறியைக் கொண்டு உந்துவிசையும் எடுத்தால் சக்தி வீணாகப் போகும். அதனால் அதில் தூக்குவதற்கு மையவிலக்கு விசிறிகள் தனி, தள்ளுவதற்குக் கோபுரம் போன்ற தூண்களின் மேல் ஏறத்தாழ 5.8 மீட்டர் விட்டமுள்ள ப்ரொப்பெல்லர்கள் தனி. ஆனால் நான்கு இன்ஜின்களில் ஒவ்வொன்றும் ஒரு விசிறியையும் ஒரு ப்ரொப்பெல்லரையும் சேர்த்தேதான் சுழற்றியது. இதைக் கவனியுங்கள். இன்ஜினைப் பகிர்ந்துகொள்வது பெரிய பிரச்சினை இல்லை, விசிறியைப் பகிர்வதுதான் பிரச்சினை. ப்ரொப்பெல்லர் இலைகளின் கோணத்தை ஓட்டுநர் மாற்ற முடிந்ததால், இன்ஜின் ஒரே சீராகச் சுழன்று மெத்தையைக் காப்பாற்ற, உந்துவிசையை முன்னுக்கும் பின்னுக்கும் பூஜ்யத்துக்கும் கொண்டுபோக முடிந்தது.

உங்கள் திட்டம் பழமையான திட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். ஹோவர்கிராஃப்டைக் கண்டுபிடித்த ஆங்கிலேயப் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல் 1955இல் ஒரு டப்பாவுக்குள் இன்னொரு டப்பாவை வைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள வளைய இடுக்கு வழியே காற்றை ஊதி, எடைத் தராசின் மேல் சோதித்துப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த எஸ்.ஆர்.என்.1, 1959 ஜூலை 25 அன்று கலேயிலிருந்து டோவருக்குக் கால்வாயைக் கடந்தது. அதில் 450 குதிரைசக்தி ஆல்விஸ் இன்ஜின் ஒன்று, விசிறி ஒன்று. அந்தக் காற்றின் பெரும்பகுதி கீழே போனது, ஒரு பகுதி பக்கக் குழாய்கள் வழியே முன்னும் பின்னும் திருப்பப்பட்டு உந்துவிசை ஆனது. ஸ்கர்ட்டே கிடையாது, தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். அது ஓடியது, உலகமே வியந்தது. ஆனால் அதே வண்டியில் பிற்பாடு உந்துவிசைக்கென்று தனி ஜெட் இன்ஜினைப் பொருத்தினார்கள். ஒரே விசிறியின் எல்லை எங்கே என்று முதல் வண்டியைச் செய்தவர்களே பார்த்துவிட்டார்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். டக்ட்டின் பின்புறம், விசிறிக்குச் சற்றுப் பின்னால், கிடையாக ஒரு தகட்டை வைப்பார்கள். பிரிப்புத் தகடு என்று சொல்லலாம். அதற்குக் கீழே வரும் காற்று வளைந்து உடலுக்குள் இறங்கிப் பையையும் மெத்தையையும் நிரப்பும். மேலே வருவது நேராகப் பின்னால் போகும். மூன்றில் ஒரு பங்கு கீழே, இரண்டு பங்கு பின்னால் என்பது சிறிய வண்டி செய்பவர்களிடையே புழங்கும் கணக்கு. நல்ல தொடக்கம்தான், ஆனால் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் கவனம் வேண்டும். தகடு பிரிப்பது டக்ட்டின் பரப்பை. காற்றும் அதே விகிதத்தில் பிரியும் என்று நினைக்காதீர்கள். மேல்பகுதியில் காற்றுக்கு எதிர்ப்பே இல்லை, சுதந்திரமாகப் போகும். கீழ்ப்பகுதியில் 700, 800 பாஸ்கல் எதிரழுத்தம் நிற்கிறது, அதனால் அதே பரப்பில் குறைந்த காற்றுதான் நகரும். சிமென்ட் தரையில் அந்தக் குறைந்த காற்றே தாராளம். மூன்றில் ஒரு பங்கு பரப்பை ஒதுக்குவது கரடுமுரடான இடத்துக்கான கையிருப்பு. இந்தப் பிரிவினைக்கு நீங்கள் கொடுக்கும் விலை உந்துவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 88 கிலோ என்று கணக்கிட்டது காகிதத்திலேயே 59 கிலோவுக்கு இறங்கிவிடும், நிஜத்தில் அதற்கும் கீழே.

விசிறியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது ஓர் அசௌகரியமான வாழ்க்கை. ஒவ்வொரு இலையும் ஒரு சுற்றில் ஒருமுறை, தடையில்லாத மேல்பகுதியிலிருந்து எதிரழுத்தமுள்ள கீழ்ப்பகுதிக்குள் நுழைந்து வெளியே வருகிறது. ஒவ்வொரு முறையும் இலையின் மேல் உள்ள சுமை மாறுகிறது. நிமிடத்துக்கு 2800 சுற்று என்றால் நிமிடத்துக்கு 2800 தடவை அந்த இலையின் வேர் வளைந்து நிமிர்கிறது. அதனால்தான் இலைகள் வேரில் விரிசல் விடுகின்றன, அதனால்தான் இந்த வகை வண்டிகள் அப்படி உறுமுகின்றன. ஸ்கர்ட் தரையோடு ஒட்டிக்கொண்டு காற்று போக வழியே இல்லாதபோது கீழ்ப்பகுதியில் இலை முழுவதுமாக ஸ்டால் ஆகிவிடும் (காற்று இலையை ஒட்டிப் பாயாமல் பிரிந்துவிடும்), சுமை மாற்றம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். தகட்டை விசிறிக்கு மிக நெருக்கமாக வைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இலை, ஏர் கூலர் இலை போன்றவற்றை இன்ஜினில் மாட்டிச் சுழற்றுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். 90 சென்டிமீட்டர் விசிறி 2800 சுற்றில் ஓடினால் இலை நுனி நொடிக்கு 130 மீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு வரும் துண்டு ஆளைக் கொல்லும். அந்த வேகத்துக்கென்றே செய்யப்பட்ட இலைகள், முன்னும் பின்னும் உறுதியான கம்பி வலை, விசிறியின் சுழல்தளத்தில் யாரும் நிற்காமை. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இன்னும் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. விசிறியிலிருந்து வரும் காற்று நேராக வருவதில்லை, சுழன்றுகொண்டே வருகிறது. அதனால் தகட்டுக்குக் கீழே ஒரு பக்கம் காற்று குவியும், மறுபக்கம் வறண்டுபோகும். வண்டி காரணமில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால் ஓட்டுநரின் எடையைக் குற்றம் சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். விசிறிக்குப் பின்னால் நிலையான நேராக்கும் தகடுகளை வைத்தால் சுழற்சி அடங்கும், அதில் வீணாகும் சக்தியில் கொஞ்சம் உந்துவிசையாகவும் திரும்பி வரும். டக்ட்டின் முன்வாய் கூர்மையான விளிம்பாக இல்லாமல், நன்றாக வெளியே வளைந்த உதடாக இருக்க வேண்டும். டக்ட் தரும் கூடுதல் உந்துவிசையில் பெரும்பங்கு அந்த உதட்டில்தான் பிறக்கிறது. இலை நுனிக்கும் டக்ட் சுவருக்கும் இடையே சில மில்லிமீட்டர் மட்டுமே இருக்கட்டும், ஆனால் அதிர்வில் உரசாத அளவுக்கு டக்ட் விறைப்பாக இருக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. ஆம், ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் உந்துவிசையும் குறையும், மெத்தையும் குறையும். மெதுவாகப் போகும்போது இது சங்கடம்தான்: வண்டி எழும்பி நிற்க வேண்டிய சுழற்சியில் ஏற்கெனவே முன்னால் போகத் தொடங்கியிருக்கும். ஒரே இடத்தில் மிதந்து நிற்பது ஏறக்குறைய முடியாது. வேகமாகப் போகும்போது இது ஆபத்து. தண்ணீர் மேல் விரையும் வண்டியில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை முழுவதுமாக விட்டால் மெத்தை இறங்கும், முன் ஸ்கர்ட் தண்ணீரில் பட்டு உள்ளே மடங்கும், மூக்கு குத்தும், வண்டி சடாரென்று நிற்கும். ஓட்டுநர் நிற்க மாட்டார். இந்தப் பழக்கத்தைக் கார், பைக் ஓட்டியவர்களிடமிருந்து எடுப்பதுதான் பயிற்சியின் முதல் பாடம். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அல்லது வண்டியின் மூக்கைத் திருப்பி உந்துவிசையையே பிரேக்காக்க வேண்டும்.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. உந்துவிசைப் பக்கத்தில், டக்ட்டின் பின்வாயில் மூடித் திறக்கும் தகடுகளை வைத்துக் காற்றைப் பக்கவாட்டிலோ முன்னோக்கியோ திருப்பிவிடலாம். இன்ஜின் அதே சுழற்சியில் ஓடும், மெத்தை அப்படியே இருக்கும், உந்துவிசை மட்டும் கைக்குள் வரும். ஒரே விசிறி வண்டிக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை. இன்னொரு வழி, பிரிப்புத் தகட்டின் முன்விளிம்பைக் கீல் வைத்து மேலும் கீழும் அசையும்படி செய்வது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் மெத்தைப் பக்கம் காற்றைக் குறைப்பதும் கூட்டுவதும் ஓட்டும்போது கையில் இருக்கும் ஒரு நெம்புகோலில் இருந்தால், பதற்றத்தில் தவறான பக்கம் இழுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. முதல் வண்டியில் வேண்டாம். இலைக் கோணத்தை ஓடும்போதே மாற்றும் விசிறி எல்லாவற்றுக்கும் மேல், ஆனால் அது கல்லூரிப் பட்டறையில் செய்யும் பொருள் இல்லை.

திருப்புவதற்கு என்ன செய்வது? மெத்தையில் மிதக்கும் வண்டிக்குத் தரையோடு பிடிப்பே இல்லை, பவுடர் போட்ட பலகையில் கேரம் காய் போகும் மாதிரி எந்தப் பக்கமும் போகும். மூக்கு ஒரு திசையிலும் பயணம் வேறு திசையிலும் இருக்கும். சுக்கான் தகடுகளை உந்துவிசைக் காற்று பாயும் இடத்தில், டக்ட்டின் பின்வாயிலேயே வைக்க வேண்டும், ஒன்றுக்குப் பதில் மூன்று நான்கு சிறிய தகடுகளாக. அப்போதும் ஒரு சிக்கல் பாக்கி: உந்துவிசை இல்லையென்றால் சுக்கானும் இல்லை. பெரிய வண்டிகளில் இதற்கு வேறு ஏற்பாடுகள் வந்தன. எஸ்.ஆர்.என்.6 போன்றவற்றில் மெத்தைக் காற்றையே பக்கவாட்டுத் துவாரங்கள் வழியே பீய்ச்சி மூக்கைத் திருப்பினார்கள். ஏபி1-88 முதல் அமெரிக்கக் கடற்படை படைகளைக் கரையிறக்கப் பயன்படுத்தும் எல்கேக் வரை பிந்தைய வண்டிகளில் மெத்தை விசிறியின் காற்றில் ஒரு பகுதி, முன்பக்கத்தில் சுழலும் குழாய்கள் வழியே வெளியேறித் திருப்ப உதவுகிறது. இதெல்லாம் இருந்தும் பக்கக் காற்று கொடியது. 1985 மார்ச் 30 அன்று, மோசமான வானிலையில் டோவர் துறைமுகத்துக்குள் நுழைந்த எஸ்.ஆர்.என்.4 வண்டியான பிரின்சஸ் மார்கரெட் அலைதடுப்புச் சுவரில் மோதி 4 பேர் இறந்தார்கள். 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள, தேர்ந்த குழுவினர் ஓட்டிய வண்டி அது. காற்றடிக்கும் நாளில் உங்கள் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

தண்ணீரில் இறக்குவதாக இருந்தால் இன்னொரு கணக்கும் வேண்டும். மெத்தை அழுத்தம் தண்ணீரை 67 மில்லிமீட்டர் அமுக்கிப் பள்ளமாக்கும். மெதுவாகப் போகும்போது அந்தப் பள்ளமும் கூடவே வரும், வண்டி தன் அலை மேல் தானே ஏறப் பார்க்கும். 3 மீட்டர் வண்டிக்கு இந்த எதிர்ப்பு மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டரில் உச்சத்தைத் தொடும். அதைத் தாண்டிவிட்டால் அலை பின்தங்கி எதிர்ப்பு இறங்கும், வண்டி விடுபட்டு ஓடும். தாண்டும் அளவுக்கு உந்துவிசை இல்லையென்றால் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆழம் குறைந்த இடத்தில், எதிர்ப்பு ஏறி இறங்கும் இந்த மேடு இன்னும் செங்குத்தாகும். இந்தியக் கடலோரக் காவல்படை பாக் நீரிணைப் பகுதியில், மண்டபத்திலிருந்து ஹோவர்கிராஃப்ட்களை இயக்குவது அங்கே கடல் ஆழம் குறைவு, மணல்திட்டுகள் அதிகம் என்பதால்தான். படகு தரைதட்டும் இடத்தில் அவை போகும், ஆனால் அதற்கான உந்துவிசையும் அவற்றில் இருக்கிறது. தரையில் நன்றாக ஓடிய மாணவர் வண்டிகள் குளத்தில் இறங்கியதும் திணறுவதற்கு இந்த மேடு ஒரு முக்கியக் காரணம்.

என்னை நேராகக் கேட்டால், உங்கள் முதல் வண்டிக்கு இரண்டு இன்ஜின் வைக்கச் சொல்வேன். தூக்குவதற்கு 6 குதிரைசக்திச் சிறிய இன்ஜின் ஒன்று, புல்வெட்டும் இயந்திரத்தில் இருப்பது போன்றது, ஒரே சீரான சுழற்சியில். தள்ளுவதற்கு உங்களிடம் இருக்கும் இன்ஜின். கூடுதல் எடை ஆளின் எடையில் ஒரு பகுதிதான். பதிலுக்கு நின்ற இடத்தில் மிதக்கலாம், தூக்கலைத் தனியாகவும் தள்ளலைத் தனியாகவும் அளக்கலாம், எது சரியில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே விசிறி வண்டியில் ஏதாவது சரியில்லையென்றால், குறை ஸ்கர்ட்டிலா, தகட்டிலா, விசிறியிலா என்று கண்டுபிடிப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். பணமும் இடமும் உண்மையிலேயே இல்லையென்றால் மட்டும் ஒரே விசிறி. அப்போது தகட்டைப் போல்ட் போட்டு, உயரத்தை மாற்றும்படி வையுங்கள், வெல்டிங் செய்துவிடாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் அளந்து பாருங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்து, நிறம் கலந்த தண்ணீரைப் பாதி ஊற்றி, ஒரு முனையை மெத்தைக்குள் விடுங்கள். வண்டி எழும்பியதும் இரண்டு பக்க நீர்மட்ட வித்தியாசம் 67 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குமேல் எவ்வளவு ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் அந்த எண் ஏறாது. எடையும் பரப்பும்தான் அதைத் தீர்மானிக்கின்றன, மிச்சக் காற்றெல்லாம் இடுக்கைப் பெரிதாக்கி வெளியே போகும். இன்னொரு குழாயை ஸ்கர்ட் பைக்குள் விடுங்கள். அங்கே மெத்தையைவிடக் கொஞ்சம் அதிகமாக, 80 மில்லிமீட்டர் வாக்கில் காட்டினால் ஸ்கர்ட் விறைப்பாக நிற்கும். இரண்டும் சமமாக இருந்தால் ஸ்கர்ட் படபடக்கும், வண்டி குதிக்கும். மெத்தையில் 67 வரவே இல்லை, வண்டி எழவும் இல்லை என்றால் தகட்டை ஒரு துளை மேலே ஏற்றுங்கள். தாராளமாக எழும்பி, விளிம்பெல்லாம் புழுதி பறக்கிறது என்றால் ஒரு துளை கீழே இறக்கிவிட்டு, வண்டியின் பின்னால் கயிறு கட்டி ஸ்பிரிங் தராசில் இழுவையைப் பாருங்கள். கயிற்றின் மறுமுனையை மரத்திலோ தூணிலோ கட்டுங்கள், ஆள் பிடிக்க வேண்டாம். தராசு 40 கிலோவுக்கு மேல் காட்டுகிறது, வண்டியும் மிதந்துகொண்டே இருக்கிறது என்றால், தகட்டை அந்த உயரத்திலேயே முடுக்கிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம்.